கித்தா (ரப்பர்) விறகில் மண்பானைப் பொங்கல்: முதல்முறை வைப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊரின் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தை பிறக்கும்போது கோலாலம்பூர், ஷா ஆலாம் என்று வேலைக்குப் போன பிள்ளைகள் ஊருக்கு வந்து, "இந்த வருசம் நாங்களே வாசல்ல அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறோம் அத்தை" என்று சொல்வதைக் கேட்டால் மனசு நிறைந்துபோகும். ஆனால் காலை எட்டு மணிக்குள் ஒரு வீட்டில் பானை விரிசல் விட்டிருக்கும், இன்னொரு வீட்டில் பால் திரிந்திருக்கும், மூன்றாவது வீட்டில் புகை மட்டும்தான் வந்துகொண்டிருக்கும்.

யாருக்கும் கைப்பக்குவம் இல்லாமல் போகவில்லை. வேலைகளின் வரிசை தெரியவில்லை, அவ்வளவுதான். பல வருடம் நானே வைத்தும், பக்கத்து வீடுகளில் உதவிக்குப் போய் நின்றும் பார்த்ததை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அளவுகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு.

1. முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வரும். இங்கே அது பொது விடுமுறை இல்லை, அதனால் வேலை நாளாக இருந்தால் விடுப்பு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுப்பு மூட்டுவதில் இருந்து படையல் போடும் வரை இரண்டு மணி நேரம் முழுசாக வேண்டும். எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் தீயைக் கூட்டுகிறவர்கள்தான் பானையை உடைக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் நல்ல நேரப் பட்டியல் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கு எழுதியது. நம் கடிகாரம் இந்தியாவைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது, சூரியன் உதிக்கும் நேரமும் வேறு, ஆகவே வெறுமனே கூட்டிக் கழித்தாலும் சரியாக வராது. உங்கள் கோயிலில் ஒட்டியிருக்கும் உள்ளூர் நேரத்தைப் பாருங்கள்.

ஜனவரி நடுவில் இங்கே சூரியன் உதிப்பது 7.20 வாக்கில். ஆனால் நம் வாசலில் நின்றால் செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத் தலைகளுக்குப் பின்னால் அது மறைந்தேதான் இருக்கும், ஓலைகளுக்கு நடுவே பனி கலைந்து கண்ணுக்குத் தெரிய எட்டு மணி ஆகிவிடும். அந்தக் காட்சி எனக்கு அவ்வளவு பிடிக்கும், இருந்தாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஏழரைக்குப் பால் பொங்க வேண்டும் என்றால் 6.45க்கு அடுப்பு பற்றியிருக்க வேண்டும்.

2. பானையை நான்கு நாளுக்கு முன்பே வாங்குங்கள்

முதல் நாள் மாலை பானை வாங்கி மறுநாள் காலை அடுப்பில் ஏற்றுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. புது மண்பானையின் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அது பழகாமல் தீயில் ஏறினால் கசியும், இல்லையென்றால் விரியும்.

கோலசிலாங்கூர் பக்கம் மண்பானை செய்யும் நம் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. நேரில் போனால் நாமே தட்டிப் பார்த்து எடுக்கலாம். விரலால் சுண்டினால் மணி போல ஒலி வர வேண்டும். மந்தமாக 'தொப்' என்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது, அதை வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். பூவும் கோலமும் எனாமல் பெயிண்டில் வரைந்த பானை அழகுக்கு நன்றாக இருக்கும், அடுப்புக்கு ஆகாது. பெயிண்ட் கருகும், அந்த வாடை பாலில் இறங்கும்.

ஐந்து லிட்டர் பிடிக்கும் பானையாக, வாய் கொஞ்சம் ஒடுங்கினதாக எடுங்கள். வாய் அகன்றால் நுரை பரவிப் படுத்துவிடும், மேலே ஏறாது. பெரிய குடும்பம் என்று பத்து லிட்டர் பானை வாங்கிக்கொண்டு ஒன்றரை லிட்டர் பால் ஊற்றினால் அன்று மதியம் வரை உட்கார்ந்திருந்தாலும் விளிம்பைத் தாண்டாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் முக்கி வையுங்கள். மறுநாள் எடுத்து, நிழலில் காய வைத்து, அரிசி கழுவிய தண்ணீரை முக்கால் அளவு ஊற்றிச் சின்னத் தீயில் அரை மணி நேரம் காய்ச்சுங்கள். அரிசித் தண்ணீரில் இருக்கும் மாவு போய்த் துளைகளை அடைக்கும். இதைச் செய்யும்போது வெளிப்பக்கம் வேர்த்தால் பயப்பட வேண்டாம், சொட்டினால்தான் பானையை மாற்ற வேண்டும். தானாக ஆறும் வரை தொடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவவும் கூடாது, மண் அதை உறிஞ்சிவைத்துக்கொண்டு பொங்கலில் திருப்பிக் கொடுக்கும்.

3. விறகு

எங்கள் பொங்கலுக்கு இருக்கும் மணம் கித்தா விறகின் மணம். நன்றாகக் காய்ந்த கித்தா விறகு சீராக எரியும், புகை குறைவு, தணல் நின்று எரியும். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த யாரைக் கேட்டாலும் அந்த வாசனையை வைத்தே தை மாதத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது அது சுலபமாகக் கிடைப்பதில்லை. இந்த நாட்டில் வியாபாரத்துக்காகச் செம்பனையை முதன்முதலில் நட்டது நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். பெயரைப் பாருங்கள், பச்சைத் தமிழ்! பிற்காலத்தில் கித்தா குறைந்து இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனைதான். ஆகவே எங்காவது பழைய கித்தா மரம் வெட்டுகிறார்கள் என்று தெரிந்தால் தோட்டத்து ஆபிசில் கேட்டு அனுமதி வாங்கி, தீபாவளிக்கு முன்பே எடுத்து வந்து பிளந்து கொட்டகையில் அடுக்கிவிடுங்கள். மழை படக் கூடாது. கித்தா மரத்தில் மாவுச்சத்து அதிகம், ஈரம் பட்டால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். ஈர விறகு என்றால் பற்றவைத்ததும் முனையில் நுரை தள்ளிச் 'சுர்ர்' என்று சத்தம் போடும். அந்தப் புகை பாலில் பிடித்துவிட்டால் ஏலக்காய் எவ்வளவு போட்டாலும் போகாது.

மணிக்கட்டு கனத்தில் இரண்டு கட்டு வேண்டும். கூடவே விரல் கனத்தில் சுள்ளி ஒரு கட்டு, காய்ந்த தென்னம்பாளை, சிரட்டை நாலைந்து. மர ஆலையில் வாங்குவதாக இருந்தால் மருந்து ஏற்றாத கட்டைதானா என்று கேளுங்கள், நாற்காலி மேசைக்கு அறுக்கும் கித்தாப் பலகைக்குப் பூச்சி மருந்து ஏற்றுவார்கள். பெயிண்ட் அடித்த பழைய பலகை வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெயும் வேண்டாம். அந்தக் காலத்தில் அடுப்பு பற்றவைக்கக் கட்டிப்பால் (உறைந்து கட்டியான கித்தாப் பால்) துண்டு வைப்பார்கள், டக்கென்று பிடிக்கும். ஆனால் கறுப்புப் புகையும் நாற்றமும் வரும், பொங்கல் அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள்.

4. சாமான்

பச்சரிசி 500 கிராம், பாசிப்பருப்பு 125 கிராம், பசும்பால் ஒன்றரை லிட்டர், தண்ணீர் 2 லிட்டர், வெல்லம் 500 கிராம், குலா மலாக்கா (தென்னைச் சர்க்கரை) 200 கிராம், நெய் 150 மில்லி, முந்திரி ஒரு கைப்பிடி, திராட்சை அதில் பாதி, ஏலக்காய் பத்து, உப்பு ஒரு சிட்டிகை. பாண்டான் என்ற வாசனை இலை இரண்டு. விரும்பினால் கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கப்.

குலா மலாக்காவும் பாண்டான் இலையும் எதற்கு என்று தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இந்த மண்ணின் தென்னையில் இறக்கின சர்க்கரை, வேலி ஓரத்தில் தானாக வளர்ந்த இலை. சூரியனுக்கு நன்றி சொல்ல நம் ஊரில் விளைந்ததைப் போடாமல் வேறு எதைப் போடுவது? நிறமும் நல்ல செம்பழுப்பாக வரும்.

அரிசிக்கு நான் செகிஞ்சான் போய்வருவேன். அங்கே வயல் நடுவில் நின்றால் கடல் வரை பச்சை. புது அரிசி கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் ஒன்று, புது அரிசி தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும், சீக்கிரம் குழையும். இந்தியாவில் இருந்து வரும் பழைய பச்சரிசி என்றால் அரை லிட்டர் கூடுதலாகக் கேட்கும். அதற்காகத்தான் வெந்நீர் தனியாக வைத்திருக்கச் சொல்லப் போகிறேன்.

பால் அன்று காலை கறந்ததாக இருந்தால் நல்லது, ஏடு கட்டும், நுரை நிற்கும். மாடு வளர்ப்பவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், ஒரு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். முந்தின நாள் மாலைப் பால்தான் கிடைத்தது என்றால் காய்ச்சி ஆற வைத்து உடனே குளிர்ப்பெட்டியில் வையுங்கள், நம் வெப்பத்தில் ஒரு இரவு வெளியில் இருந்தால் கெட்டுவிடும். எப்படியிருந்தாலும் காலையில் ஒரு கரண்டிப் பாலைத் தனியாகக் கொதிக்கவிட்டுப் பார்க்காமல் பானையில் ஊற்றாதீர்கள். ஒரு நிமிட வேலை.

பச்சைக் கற்பூரம் போடுகிறவர்கள் கடுகளவுக்கு மேல் போட வேண்டாம். சாமிக்குக் காட்டும் சூடம் வேறு, அது சாப்பிடக் கூடாது. இரண்டும் கடையில் ஒரே தட்டில் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

5. முதல் நாள் மாலை: அடுப்பும் வாசலும்

மூன்று செங்கல் போதும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுச் சிமெண்டுத் தரையிலோ டைல்ஸ் மேலேயோ நேராக அடுப்பு வைக்காதீர்கள், சூட்டில் வெடித்துச் சில்லு பறக்கும். நான்கு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி அதன் மேல் செங்கல் வையுங்கள். மண் வாசலாக இருந்தாலும் மணல் நல்லது, ஏனென்றால் இரவு மழை பெய்திருந்தால் ஈரத்தரை தீயை வளரவிடாது.

செங்கற்களை வைத்தபின் தண்ணீர் நிரப்பிய பானையை ஏற்றிப் பாருங்கள். தண்ணீர் மட்டம் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தால் நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள், அதற்காக ஒரு நூல் அளவு கிழக்கே சாய்த்து வைப்பவர்களும் உண்டு, அதில் தப்பில்லை. அதிகம் சாய்ந்தால் அரைப்பானையிலேயே வழிந்து ஏமாற்றிவிடும். அடுப்பு வாய் காற்று வரும் பக்கம் இருக்கட்டும்.

இரவு மழைக்கு அடுப்பின் மேல் ஒரு தகரத்தைப் போட்டு மூடிவிட்டுத் தூங்குங்கள். கோலத்தை விடிந்தபின் போடலாம். கரும்பைப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கினால் துண்டுபோட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் காரில் ஏறும் அளவுக்கு வெட்டித் தந்துவிடுவார்கள்.

6. பானையை ஏற்றுவது

மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் பானைக் கழுத்தில் கட்டும்போது இலையை மேல்நோக்கி நிற்கவையுங்கள். தொங்கவிட்டால் தீ நாக்கு பட்டுக் கருகும், கயிறு அறுந்து கொத்து பாலில் விழுந்ததையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் தண்ணீர், அப்புறம் பால். பாலை முதலில் ஊற்றினால் அது அடியில் ஒட்டித் தீய்ந்துபோகும். மூன்றரை லிட்டரும் சேர்ந்து பானையில் முக்காலுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அதுதான் சரியான அளவு. காலிப் பானையை ஒரு நிமிடம்கூடத் தீயில் வைக்காதீர்கள்.

முதல் பத்து நிமிடம் சுள்ளித் தீ மட்டும். இதில்தான் பொறுமை வேண்டும். பானைச் சுவருக்குள் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும், திடீரென்று சூடேறினால் அது ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் பானையைப் பிளக்கும். பத்து நிமிடம் கழித்து ஒரு கட்டை, ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று என்று கூட்டிக்கொண்டே போங்கள்.

இதே நேரத்தில் உள்ளே கேஸ் அடுப்பில் ஒரு லிட்டர் வெந்நீர் போடச் சொல்லுங்கள். நான் முதன்முதலில் தனியாகப் பொங்கல் வைத்த வருடம் தண்ணீர் பற்றவில்லை என்று குழாயில் பிடித்ததை அப்படியே ஊற்றினேன். டப் என்று ஒரு சத்தம், பானை இரண்டாகப் பிளந்து பாதி அரிசி சாம்பலில் கிடந்தது. என் அம்மா ஒரு வார்த்தை திட்டாமல் வீட்டு அண்டாவை எடுத்து வந்து வைத்தார். அன்றிலிருந்து வெந்நீர் இல்லாமல் நான் அடுப்பு மூட்டுவதே இல்லை.

7. பால் பொங்கும்போது

ஓரங்களில் சின்னக் குமிழி வந்ததும் கிண்டுவதை நிறுத்திவிடுங்கள். பாலின் மேல் மெல்லிய ஏடு படியும், அடியில் இருந்து எழும் ஆவியை அந்த ஏடு பிடித்து வைக்கும், அப்போதுதான் நுரை மொத்தமாக எழும். கரண்டியை விட்டு ஏட்டைக் கலைத்தால் ஆவி தப்பித்துவிடும், வெறுமனே கொதித்துக்கொண்டிருக்கும். ஆர்வத்தில் பிள்ளைகள் செய்வது இதைத்தான்.

நுரை கழுத்துக்கு வந்ததும் இரண்டு கட்டை சேர்த்துத் தீயைக் கூட்டுங்கள். வீட்டில் எல்லாரையும் கூப்பிட நேரம் இதுதான், பொங்கியபின் கூப்பிட்டால் தாத்தா பாட்டி வாசலுக்கு வருவதற்குள் முடிந்துவிடும். தட்டு, சங்கு எது இருக்கிறதோ கையில் கொடுத்து நிற்கவையுங்கள். வழியும்போது "பொங்கலோ பொங்கல்!" எல்லா வீட்டு வாசலிலும் அடுத்தடுத்துக் கேட்கும், அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் பிள்ளைகள் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வருகிறார்கள்.

கூச்சலில் ஒன்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வழியும் பால் அடுப்பை அணைத்துவிடும். பொங்கப் போகிறது என்று தெரிந்ததும் எரிகிற கட்டை இரண்டை வெளியே இழுத்துத் தனியாக வையுங்கள், திரும்பத் தீ மூட்ட அது உதவும்.

8. அரிசியும் பருப்பும்

பொங்கியவுடன் ஒரு சொம்பு பால்தண்ணீரை மொண்டு தனியாக வைத்துவிடுங்கள். எடுக்காமல் அரிசியைப் போட்டால் பானை தொடர்ந்து வழிந்துகொண்டே இருக்கும். பின்னால் இறுகும்போது இதைத்தான் திரும்ப ஊற்ற வேண்டும்.

பருப்பை வாசம் வர லேசாக வறுத்து, அரிசியோடு கழுவி இருபது நிமிடம் ஊறவைத்திருப்பீர்கள். வீட்டில் மூத்தவர் மூன்று கை அள்ளிப் போட்டபின் மீதியைப் போடுங்கள். பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு உள்ளே விடுங்கள். கிண்ட அகப்பைதான், இரும்புக் கரண்டி மண்ணைச் சுரண்டும்.

இனி நடுத்தரத் தீ. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு கிண்ட வேண்டும், பருப்பு கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இறுகினால் எடுத்துவைத்த பாலை ஊற்றுங்கள், அதுவும் தீர்ந்தால் வெந்நீர். முப்பது நாற்பது நிமிடத்தில் விரலால் நசுக்கினால் மாவாகும் பதம் வரும்.

9. வெல்லம் எப்போது

அரிசி முழுக்க வெந்தபின் மட்டும். வெல்லம் விழுந்துவிட்டால் அதற்கு மேல் அரிசி வேகாது, அரைவேக்காடாகவே நிற்கும். கொதிக்கிற பாலில் நேராகப் போட்டால் திரியவும் செய்யும்.

வெல்லத்தையும் குலா மலாக்காவையும் 300 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், கரும்புச் சக்கையும் மணலும் எப்போதும் இருக்கும். பானைத் தீயைக் குறைத்துக் கட்டைகளை இழுத்துவிட்டுத் தணலில் வைத்து இந்தப் பாகை ஊற்றிக் கிளறுங்கள். முதலில் இளகும், பயப்படாதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் சேர்ந்துவிடும். உப்பும் ஏலக்காயும் நெய்யில் பாதியும் இப்போது. மீதி நெய்யில் முந்திரி திராட்சை வறுத்துக் கடைசியில். தேங்காய்ப்பால் ஊற்றுகிறவர்கள் தணலையும் இழுத்தபின் ஊற்றுங்கள், கொதித்தால் அது எண்ணெய்யாகப் பிரியும்.

கொஞ்சம் தளர இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். மண்பானை சூட்டை விடாது, தீ இல்லாமலே பத்து நிமிடம் கொதிக்கும், ஆறினால் இன்னும் இறுகும். அடி பிடித்த வாசனை வந்துவிட்டால் கிண்டாதீர்கள். மேலே இருப்பதை மெதுவாக வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் முக்கால்வாசி தப்பிக்கும்.

10. இறக்குவது, படைப்பது

இருவர் சேர்ந்து, காய்ந்த துணி பிடித்து இறக்குங்கள். ஈரத்துணியில் சூடு சட்டென்று கைக்கு ஏறும். கழுவிவிட்ட ஈரத் தரையில் வைத்தால் அடி விரியும், பிரிமணை மேல் வையுங்கள், இல்லையென்றால் நாலாக மடித்த சாக்கு போதும்.

வாழையிலை, கரும்பு, பழம், தேங்காய், கிழங்கு வகை எல்லாம் உங்கள் வீட்டு வழக்கப்படி. எங்கள் வீட்டில் பூசணியும் மொச்சையும் போட்ட குழம்போடு அவித்த மரவள்ளிக்கிழங்கும் இலையில் கட்டாயம் இருக்கும்.

பக்கத்து மலாய், சீனக் குடும்பங்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் நாம் சாப்பிட உட்காரும் முன்பே சூடாகக் கொடுத்து அனுப்புங்கள், ஆறிப்போய்க் கட்டியானதைக் கொடுத்தால் இதுதான் பொங்கல் என்று நினைத்துவிடுவார்கள். பால் கொடுத்த வீட்டுக்கு மறுநாள் மாட்டுப் பொங்கலன்று பழத்தோடு போய் வாருங்கள், மாட்டுக்கும் ஒரு கை ஊட்டலாம்.

11. பானை

முழுக்க ஆறியபின் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். நிழலில் மூன்று நாள் கவிழ்த்து வையுங்கள், ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அடுத்த தைக்கு எப்படியும் புதுப்பானைதான், ஆகவே இதை மீன் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம், மண்சட்டிக் குழம்பின் ருசியே தனி. மீன் ஏறிய பானையில் மறுபடி பால் மட்டும் ஊற்றாதீர்கள்.